பிரவுசரில் டொங்கி கொங்: பீப்பாய்கள் ஏன் இந்த வேகத்தில் வருகின்றன?

வெள்ளவத்தையான் — சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்குப் பாடசாலை விடுமுறை, ஒன்பது வயது. நாள் முழுக்கப் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று, பிரவுசரிலேயே விளையாடக்கூடிய டொங்கி கொங் பக்கம் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். கொரில்லா உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாண்டி ஏணிகளில் ஏறுகிற பழைய விளையாட்டு. எதையும் இறக்கத் தேவையில்லை, பக்கத்தைத் திறந்தால் சரி. போன கிழமை என் பழைய லப்டொப்பில் நன்றாகத்தான் ஓடியது. முதல் கட்டத்தில் மூன்றாவது தட்டு வரைக்கும் ஏறப் பழகியும் விட்டான்.

வியாழக்கிழமை மச்சான் வெளிநாடு போகிற அவசரத்தில் தன்னுடைய கணினியையும் பெரிய மொனிட்டரையும் தெஹிவளையிலிருந்து ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதே பக்கத்தை அதில் திறந்தால் பீப்பாய்கள் உருளவில்லை, பறக்கின்றன. ஆள் ஏணியில் ஏறுவதும் அதே அவசரம். பின்னணி இசை மட்டும் பழைய வேகத்திலேயே போகிறது.

புதிய கணினி வேகமானது என்பதால்தான் இப்படியா? அப்படியென்றால் யூரியூப் வீடியோ வேகமாக ஓடவில்லையே. மகன் மிருதங்க வகுப்புக்குப் போகிறவன். காலப்பிரமாணம் பிசகினால் அங்கே சேர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அதனால் அவனுக்கு இது பெரிய விஷயமாகிவிட்டது. "அப்பா, இது உண்மையில எந்த வேகத்தில ஓட வேணும்?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாலாம்மாடி — சனி, இரவு 9.34

அண்ணா, நான் பம்பலப்பிட்டிப் பக்கம் கணினி திருத்துகிற ஆள். நீங்கள் சொன்ன அந்த இசை விஷயம் நல்ல துப்பு. ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். போனில் ஸ்டொப்வாட்ச் எடுத்து, ஒரு பீப்பாய் மேல்தட்டில் புறப்பட்டதிலிருந்து ஏணி எதிலும் இறங்காமல் கீழே எண்ணெய்ப் பீப்பாய்க்கு வந்து சேரும் வரை எத்தனை செக்கன் என்று லப்டொப்பிலும் பாருங்கள், புதியதிலும் பாருங்கள்.

அப்புறம், விண்டோஸ் என்றால் டெஸ்க்டொப்பில் வலது கிளிக், டிஸ்பிளே செற்றிங்ஸ், கீழே அட்வான்ஸ்ட் டிஸ்பிளே. அங்கே எத்தனை ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கும். அந்த எண்ணையும் சொல்லுங்கள்.


வெள்ளவத்தையான் — சனி, இரவு 10.02

மகனே அளந்தான், நான் எழுதினேன். லப்டொப்பில் 12 செக்கன். புதியதில் 5 செக்கன். மூன்று தரம் பார்த்தோம், அதே கணக்குத்தான்.

மொனிட்டர் 144 ஹேர்ட்ஸ். லப்டொப் 60.


நாலாம்மாடி — சனி, இரவு 10.15

12ஐ 5ஆல் பிரித்தால் 2.4. 144ஐ 60ஆல் பிரித்தாலும் 2.4. விஷயம் முடிந்தது அண்ணா.

உங்கள் கணினியின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மொனிட்டர்தான் காரணம். உங்கள் பழைய லப்டொப் திரை செக்கனுக்கு 60 தரம் படத்தைப் புதுப்பிக்கிறது. மச்சானுடையது 144 தரம். அந்தப் பக்கத்தை எழுதியவர், திரை ஒருமுறை புதுப்பிக்கும்போது பீப்பாயை ஒரு அடி நகர்த்து என்று எழுதியிருக்கிறார். அவரிடம் இருந்த திரை 60 ஆக இருந்திருக்கும், அதில் பார்த்துச் சரி என்று விட்டிருப்பார். உங்கள் வீட்டில் ஒரு செக்கனுக்கு 144 அடி வைக்கிறது. இசை மட்டும் ஒலி அட்டையின் கணக்கில் ஓடுகிறது, அதற்குத் திரையின் ஹேர்ட்ஸ் தெரியாது. வீடியோவும் அப்படித்தான், அதற்குள்ளேயே நேரக் கணக்கு இருக்கிறது.

இப்போதைக்கு அதே அட்வான்ஸ்ட் டிஸ்பிளேயில் 144ஐ 60 ஆக்குங்கள். மகனிடம் சொல்லுங்கள், அவன் அளந்த அளவை என்னிடம் வருகிற பெரியவர்கள் பலர் அளப்பதில்லை.


பழைய_பெட்டி — ஞாயிறு, காலை 6.20

தம்பி நாலாம்மாடி சொன்னது சரி. "உண்மையில் எந்த வேகம்" என்ற பிள்ளையின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி.

டொங்கி கொங் 1981இல் நின்டெண்டோ வெளியிட்ட ஆர்கேட் விளையாட்டு, அதாவது காசு போட்டு விளையாடுகிற பெட்டி. வடிவமைத்தவர் ஷிகெரு மியமோட்டோ. அவர் செய்த முதல் பெரிய வேலை அது, மேற்பார்வை குன்பெய் யோகோய். நின்டெண்டோவின் ரேடார் ஸ்கோப் என்ற விளையாட்டுப் பெட்டிகள் அமெரிக்காவில் விலைபோகாமல் ஏறத்தாழ 2000 தேங்கிக் கிடந்தன. அந்தப் பெட்டிகளை வீசாமல் உள்ளே புது விளையாட்டு ஒன்றைப் பொருத்தி விற்கலாம் என்றுதான் இந்த வேலையே தொடங்கியது. அந்த மீசைக்காரருக்கு அப்போது பெயர் ஜம்ப்மேன், தொழில் தச்சு வேலை. மாரியோ என்ற பெயரும் குழாய் வேலையும் பிறகு வந்தவை.

பெட்டிக்குள் இருந்தது ஸீ80 என்ற செயலி, 3 மெகாஹேர்ட்ஸுக்குச் சற்றுக் கூட. விளையாட்டின் நிரல் முழுவதும் 16 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படம் ஒன்றுக்குள் இதுபோலப் பல விளையாட்டுகளை வைக்கலாம். அந்தப் பெட்டியின் திரை செக்கனுக்கு ஏறத்தாழ 60 தரம் புதுப்பித்தது, நிரலும் அந்தத் துடிப்புக்கே நடந்தது. ஆகவே உங்களுக்குக் கிடைத்த பக்கத்தை எழுதியவர் செய்த வேலையையேதான் மூலப் பெட்டியும் செய்தது. ஒரு வித்தியாசம்: அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு திரைதான், அதைக் கழற்றி வேறொன்று மாட்டுவார்கள் என்று யாரும் நினைக்கத் தேவையிருக்கவில்லை.

எனக்கு இந்த விளையாட்டு ஆர்கேட் பெட்டியில் அறிமுகமாகவில்லை. குவைத்தில் வேலை செய்த சித்தப்பா 82 கடைசியில் வந்தபோது, செம்மஞ்சள் நிறத்தில், புத்தகம் மாதிரி மடிக்கிற கேம் அண்ட் வொட்ச் என்ற நின்டெண்டோ கையடக்க விளையாட்டு ஒன்று கொண்டுவந்தார். திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. இடது பக்கம் சிலுவை வடிவில் ஒரு பொத்தான். இன்று எல்லா விளையாட்டுக் கருவியிலும் இருக்கிற அந்தச் சிலுவைப் பொத்தான் முதலில் வந்தது அதில்தான். பத்தரியைக் கழற்றி வெயிலில் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் என்று நாங்கள் நம்பினோம். ஹம்டன் லேனில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று பேர் ஒரே கதிரையில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 83 ஆடியில் வீட்டோடு அதுவும் போய்விட்டது.

இப்போது பேத்தியின் லப்டொப்பில் பிரவுசரைத் திறந்து நாலு விசையைத் தட்டினால் அதே கொரில்லா மேலே ஏறி நிற்கிறது. இதைச் செய்து வைத்த மனிதர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.


குறியீட்டுத்_தம்பி — ஞாயிறு, காலை 9.48

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நன்றி.

நான் இதே பிழையைச் செய்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். 2022இல் மின்வெட்டுக் காலத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கூடக் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். லப்டொப் பத்தரி தீரும் வரை பிரவுசரில் ஓடுகிற ஒரு ஏணி விளையாட்டு எழுதினேன். வெள்ளவத்தையில் அரைகுறையாக நிற்கிற ஒரு மாடிக் கட்டடம், சாரம் கட்டியிருக்கிறது, மேலிருந்து செவ்விளநீர் உருண்டு வரும், பெடியன் தாண்டித் தாண்டி மேலே ஏற வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும் என்பதற்காக சேர்விஸ் வேர்க்கர் போட்டு எல்லாவற்றையும் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கச் செய்தேன். டவரும் விழுந்து கிடந்த அந்த இரவுகளில் அது திறந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகு ஒரு நண்பன் 120 ஹேர்ட்ஸ் போனில் திறந்தான். இளநீர் சரியாக இரண்டு மடங்கு வேகம். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை திரை புதுப்பிக்கும் முன் என்னைக் கூப்பிடு என்று பிரவுசரிடம் சொல்லி வைப்பது. செக்கனுக்கு எத்தனை தரம் கூப்பிடும் என்பது திரையைப் பொறுத்தது. நான் 60 என்றே நினைத்திருந்தேன்.

திருத்துகிற வழி இது. ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும் போன தரத்திலிருந்து எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று பார்த்து அதை ஒரு உண்டியலில் போடுங்கள். உண்டியலில் அறுபதில் ஒரு செக்கன் சேர்ந்ததும் அதை எடுத்து விளையாட்டை ஒரு அடி நகர்த்துங்கள். சேராவிட்டால் நகர்த்தாமல் படத்தை மட்டும் வரையுங்கள். மிச்சம் உண்டியலிலேயே கிடக்கட்டும். இப்படிச் செய்தால் 60, 90, 144 எந்தத் திரையிலும் ஒரே காலப்பிரமாணம்.

இதில் ஒரு குழி இருக்கிறது. வேறு டப்புக்குப் போனால் பிரவுசர் கூப்பிடுவதை நிறுத்திவிடும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டு இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் உண்டியலில் இருபது நிமிடம் ஒரேயடியாக விழும், பெடியன் ஒரு கணத்தில் ஆயிரம் தரம் செத்துவிடுவான். ஆகவே ஒரு தரத்தில் இவ்வளவுக்கு மேல் போடாதே என்று ஒரு மூடி வைக்க வேண்டும்.

என்னுடையதில் இதை இன்னும் முழுதாகச் செய்யவில்லை. இந்த இழையைப் பார்த்த பிறகு இந்தக் கிழமை முடித்துவிடுகிறேன்.


கொட்டாஞ்சேனை_அக்கா — ஞாயிறு, மதியம் 1.05

தம்பிமாரே, ஹேர்ட்ஸ் சரி. ஆனால் வெள்ளவத்தையான் எந்த டொங்கி கொங்கை விளையாடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நான் இதை வருடக்கணக்காக விளையாடுகிறவள், அதனால் கேட்கிறேன்.

பிரவுசரில் மூன்று வகை கிடக்கின்றன. முதலாவது, யாரோ பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதியது. உங்களுடையது இதுதான், இல்லாவிட்டால் மொனிட்டரோடு சேர்ந்து வேகம் மாறாது. இரண்டாவது, 1983இல் ஜப்பானில் ஃபாமிகொம் என்ற நின்டெண்டோ வீட்டு விளையாட்டுக் கருவி வந்தபோது கூடவே வந்த பதிப்பு. மூன்றாவது, ஆர்கேட் பெட்டியின் அதே நிரலை எமியுலேற்றர், அதாவது பழைய பெட்டி மாதிரியே நடந்துகொள்கிற மென்பொருள், மூலம் ஓடவிடுவது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிவது சுலபம். ஆர்கேடில் நாலு கட்டங்கள்: 25 மீற்றரில் சாய்ந்த இரும்புத் தட்டுகள், 50இல் நகரும் பட்டைகள், 75இல் மின்தூக்கிகள், 100இல் ஆணிகள். ஃபாமிகொம் பதிப்பில் 50 மீற்றர் கட்டம் இல்லவே இல்லை, இடம் போதாமல் விட்டுவிட்டார்கள். படமும் அகலமாக இருக்கும். ஆர்கேட் திரை நெட்டாக இருக்கும், 224க்கு 256. சில பக்கங்கள் அதை லப்டொப் அகலத்துக்கு இழுத்து ஜம்ப்மேனைக் குண்டாக்கி வைத்திருக்கின்றன. அந்த இழுவையில் பீப்பாய் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்ற கண் கணக்குப் பிழைத்துவிடும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, படம் நெட்டாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. அமெரிக்கப் பதிப்பில் முதல் சுற்றில் 25க்குப் பிறகு நேரே 100 வரும். 75 இரண்டாம் சுற்றில்தான் வரும், 50 மூன்றாவதில். கட்டம் காணாமல் போய்விட்டது என்று மகன் பயப்படத் தேவையில்லை.


வெள்ளவத்தையான் — ஞாயிறு, மாலை 5.40

60க்கு மாற்றினேன். பீப்பாய் 12 செக்கன்! அக்கா சொன்னதைக் கேட்டு எமியுலேற்றரில் ஓடுகிற ஆர்கேட் பதிப்புக்கு மாறிவிட்டோம். உண்மையிலேயே வேறு மாதிரி. நடக்கும் சத்தமே வேறு.

ஆனால் இப்போது புது முறைப்பாடு. மகன் குதிக்கும் பொத்தானை அமத்துகிறான், ஜம்ப்மேன் சில நேரம் குதிப்பதில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் ஏணிக்குக் கிட்டப் போகும்போது மேல் அம்பை முன்கூட்டியே அமத்திப் பிடித்துக்கொள்கிறான், ஏணி வந்ததும் ஏறட்டும் என்று. அந்த நேரம் பீப்பாய் வந்தால் வலது அம்பும் ஸ்பேஸும் சேர்ந்து அமத்துகிறான். ஆள் நின்றபடியே அடி வாங்குகிறார். பல நேரம் சரியாகக் குதிக்கிறது, இந்த இடத்தில் மட்டும்தான் இப்படி.


நாலாம்மாடி — ஞாயிறு, மாலை 6.12

கீபோர்ட்தான் அண்ணா. மலிவான கீபோர்ட்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இல்லை, வரிசையும் நிரலுமாகப் பின்னப்பட்ட வலை. சில மூன்று விசைகளை ஒன்றாக அமத்தினால் மூன்றாவதை அதனால் பிரித்தறிய முடியாது, விட்டுவிடும். மேல் அம்பு, பக்க அம்பு, ஸ்பேஸ் என்ற கூட்டு பல கீபோர்ட்டுகளில் இப்படி மாட்டுகிறது. நோட்பேட்டைத் திறந்து மேல் அம்பையும் வலது அம்பையும் பிடித்தபடி ஸ்பேஸை அமத்திப் பாருங்கள். இடைவெளி விழாவிட்டால் அதுதான்.

குதிப்பதை வேறு விசைக்கு மாற்றுங்கள். மேம் எமியுலேற்றரில் வழமையாக இடது கொன்ட்ரோல் விசைதான் குதிப்பதற்கு, காசு போட 5, தொடங்க 1. விண்டோஸில் அது போதும். மக் வைத்திருப்பவர்கள் கவனம், கொன்ட்ரோலும் பக்க அம்பும் சேர்ந்தால் திரையே அடுத்த டெஸ்க்டொப்புக்குப் போய்விடும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். விசை எதுவும் வேலை செய்யாவிட்டாலும் பக்கம் மேலும் கீழும் ஆடினாலும், விளையாட்டின் மேல் ஒரு தரம் கிளிக் பண்ணுங்கள். சத்தம் வராததற்கும் அதே மருந்து, குரோம் 2018இலிருந்து கிளிக் ஒன்று விழும் வரை சத்தத்தைத் திறப்பதில்லை.

முடிந்தால் யூஎஸ்பி கேம்பேட் ஒன்று வாங்குங்கள். புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கலாம். பிரவுசர்கள் அதை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும், தனியாக எதையும் போடத் தேவையில்லை. ஆனால் வயர் உள்ளதாக வாங்குங்கள்.


கொட்டாஞ்சேனை_அக்கா — ஞாயிறு, இரவு 8.30

கீபோர்ட் ஒருபுறம் இருக்கட்டும், மேல் அம்பை முன்கூட்டியே பிடிக்கிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள். கேம்பேட் வாங்கினாலும் அந்தப் பழக்கம் அவனைக் கொல்லும். ஏணியில் தொங்குகிறவர் குதிக்க முடியாது. மேலே பீப்பாய் வருகிறதா என்று பார்க்காமல் ஏணியில் கால் வைத்தால் பிறகு எந்தப் பொத்தானும் உதவாது.

இந்த விளையாட்டில் பிள்ளைகள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் எது தெரியுமா? பிந்தி வந்த விளையாட்டுகளில் மாரியோ குதித்த பிறகு காற்றில் திசை திருப்பலாம். இதில் முடியாது. ஜம்ப்மேன் நிலத்தை விட்டுக் காலெடுத்த அந்தக் கணத்திலேயே எங்கே இறங்குவார் என்பது முடிவாகிவிடுகிறது. நின்ற இடத்தில் குதித்தால் நேரே மேலே போய் நேரே கீழே வருவார். நடந்தபடி குதித்தால் அந்தத் திசையில் ஒரே வளைவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. தன் உயரத்தைவிடக் கூடிய பள்ளத்தில் விழுந்தால் சாவு. ஆகவே குதிக்கிறதா இல்லையா என்ற முடிவைப் பீப்பாய் வரும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

சுத்தியலையும் கண்டவுடன் பாய்ந்து எடுக்க வேண்டாம். அது கையில் இருக்கும் வரை ஏறவும் முடியாது, குதிக்கவும் முடியாது. முதல் நாள் நானும் அதை வரம் என்று நினைத்தேன். சுற்றிவரப் பீப்பாய் நெருக்கும் நேரத்தில் எடுத்தால் வரம், அவசரமாக ஏற வேண்டிய நேரத்தில் எடுத்தால் அந்தத் தட்டிலேயே கட்டிப்போட்டுவிடும்.

ஒரு இரகசியம் சொல்கிறேன். ஏணிக்கு மேல் வரும் பீப்பாய் இறங்குமா உருண்டு போகுமா என்பதை விதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த நேரம் நீங்கள் ஜோய்ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறீர்கள் என்பதையும் நிரல் பார்க்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் பீப்பாயை மேய்ப்பது இப்படித்தான். இப்போதே இதைப் பழகத் தேவையில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கே பிடிபடும்.


செட்டித்தெரு — ஞாயிறு, இரவு 10.50

நல்ல இழை. ஆனால் ஒரு கேள்வி, யாரும் கோபிக்க வேண்டாம். இந்த எமியுலேற்றர் பக்கங்கள் சட்டப்படி சரியா? நகைக்கடையில் வேலை செய்கிறவன் நான், ஒருவரின் வடிவமைப்பை இன்னொருவர் அப்படியே அச்செடுப்பது எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று தெரியும். பிள்ளைக்குக் கொடுக்கிறோமே, அதையும் யோசிக்க வேண்டாமா?


பழைய_பெட்டி — திங்கள், காலை 6.05

யோசிக்க வேண்டும். கேட்டதில் பிழை இல்லை.

எமியுலேற்றர் என்பது வேறு, அதற்குள் ஓடுகிற விளையாட்டு நிரல் வேறு. மேமை 1997இல் நிக்கொலா சல்மோரியா என்ற இத்தாலியர் தொடங்கினார். பழைய பெட்டிகளின் செயலியும் சத்தச் சில்லும் எப்படி நடந்துகொண்டன என்பதை மென்பொருளாக எழுதி வைப்பதுதான் அதன் வேலை. 2016இலிருந்து அது முழுக்கத் திறமூல மென்பொருள், அதில் களவு ஏதுமில்லை. எம்ஸ்கிரிப்டன் என்ற கருவி சீ மொழி நிரலைப் பிரவுசர் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றும். அதை வைத்து இன்டர்நெட் ஆர்கைவ் 2014இல் நூற்றுக்கணக்கான ஆர்கேட் விளையாட்டுகளைப் பிரவுசரிலேயே திறக்கச் செய்தது. ஒரு நூலகம் செய்கிற வேலை என்றுதான் நான் பார்க்கிறேன்.

ஆனால் டொங்கி கொங்கின் நிரல் நின்டெண்டோவுக்குச் சொந்தம், இன்றும்தான். அந்தப் பெயருக்காக அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கிங் கொங் எங்களுடையது என்று யுனிவர்சல் படக் கம்பனி 1982இல் வழக்குப் போட்டது, நின்டெண்டோ வென்றது. அப்போது வாதாடிய வழக்கறிஞரின் பெயர் கேர்பி. பிற்காலத்தில் அதே பெயரில் அவர்களுக்கு ஒரு விளையாட்டு நாயகனே வந்தான். ஆர்கேட் பதிப்பை ஹம்ஸ்டர் நிறுவனம் 2018இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தது. வாங்க வசதி இருக்கிறவர்கள் வாங்குவதே முறை.


நாலாம்மாடி — திங்கள், காலை 8.40

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். ஸ்விட்ச் ஒன்றின் விலை எங்களில் பலரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். ஒன்பது வயதுப் பிள்ளை 1981ஆம் ஆண்டு விளையாட்டைத் தொட அதுதான் ஒரே வழி என்றால், அது பணம் இருக்கிறவன் பிள்ளைக்கு மட்டும் என்றாகிவிடும். அதை என்னால் ஏற்க முடியவில்லை. விற்கிறவனைத் தடுக்கட்டும், விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிறவனைத் தடுக்கட்டும். வீட்டில் ஒரு பிள்ளை விளையாடுவதில் யாருக்கு என்ன நட்டம்?


பழைய_பெட்டி — திங்கள், காலை 9.15

நட்டம் இல்லை என்பதற்காக உரிமை வந்துவிடாது தம்பி. ஆனால் உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. உரிமைக்காரர்கள் கைவிட்டால் அழிந்துபோகக்கூடிய விளையாட்டுகள் ஆயிரம் இருக்கின்றன. பிரவுசரில் விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் 2020 முடிவில் நின்றபோது பார்த்தோமே, ஒரு தலைமுறையின் பிரவுசர் விளையாட்டுகள் ஒரே மாதத்தில் திறக்காமல் போயின. ரஃபிள் மாதிரியான கருவிகளை ஆர்வலர்கள் எழுதியதால்தான் அவற்றில் பல இன்று திரும்பவும் ஓடுகின்றன. அந்த வேலைக்கு நான் முழு ஆதரவு. இன்றும் விற்பனையில் இருக்கிற விளையாட்டு விஷயத்தில்தான் என் கருத்து வேறு. இதில் நீங்களும் நானும் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை.


குறியீட்டுத்_தம்பி — செவ்வாய், இரவு 11.30

வெள்ளவத்தையான் அண்ணா, உண்டியல் வேலை முடிந்தது. மூடியும் போட்டுவிட்டேன். லிங்க் உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இது என் சொந்தக் கைவேலை, படமும் நான் கீறியதுதான், ஆகவே செட்டித்தெரு அண்ணாவும் நிம்மதியாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். என்னிடம் 60 ஹேர்ட்ஸுக்கு மேல் திரை இல்லை. உங்கள் மகன் 144இல் வைத்து அளந்து சொன்னால் பெரிய உதவி.

ஐயா முன்பு 16 கிலோபைட் என்று எழுதியதை இந்த மூன்று நாளும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சிக்கனத்தால் வந்த ஒரு பிழையையும் படித்தேன், உங்களுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் போனஸ் நேரம் கொடுக்க, சுற்றின் எண்ணோடு 4ஐக் கூட்டி 10ஆல் பெருக்குகிறது நிரல். முதல் சுற்றுக்கு 50, அதாவது 5000 புள்ளி. 80க்கு மேல் போனால் 80இலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 22ஆம் சுற்றில் கணக்கு 260 ஆகிறது. 8 பிட்டில் 255 வரைக்கும்தான் எழுத முடியும். 260 சுருண்டு 4 ஆகிவிடுகிறது. 400 புள்ளிக்குரிய நேரம் மட்டும், சில செக்கன். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வழமையாக முதல் கட்டத்திலேயே ஜம்ப்மேன் விழுந்துவிடுவார்.


வெள்ளவத்தையான் — புதன், இரவு 8.25

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், இன்று மிருதங்க வகுப்பு.

முதலில் தம்பியின் விளையாட்டு. மகன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்ததை அப்படியே போடுகிறேன். இளநீர் மேல்மாடியிலிருந்து வாசல் வரை: லப்டொப் 60இல் 9 செக்கன். மொனிட்டர் 60இல் 9 செக்கன். மொனிட்டர் 144இல் 9 செக்கன். என் போனில் 9 செக்கன். நடுவில் வேறு டப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தோம், பெடியன் நின்ற இடத்திலேயே நின்றான். 144இல் இளநீர் இன்னும் வழுவழுப்பாக உருள்கிறது என்றும் எழுதச் சொன்னான்.

அடுத்தது டொங்கி கொங். நோட்பேட்டில் இடைவெளி விழவில்லை, நாலாம்மாடி தம்பி சொன்னபடியே. குதிப்பதைக் கொன்ட்ரோலுக்கு மாற்றினோம். மேல் அம்பை முன்கூட்டிப் பிடிக்கிற பழக்கம் விட இரண்டு நாள் எடுத்தது. அக்கா, உங்கள் பதிவை அச்செடுத்து மேசையில் ஒட்டி வைத்திருக்கிறான். நேற்று ஆணிக் கட்டத்தில் எட்டு ஆணியையும் பிடுங்கிக் கொரில்லாவைத் தலைகீழாக விழுத்தினான். இன்று இரண்டாம் சுற்றில் மின்தூக்கி வந்துவிட்டது. அங்கே ஒரு அடிகூட நகர முடியவில்லை, மின்தூக்கியிலிருந்து இறங்கினாலே சாகிறான்.


கொட்டாஞ்சேனை_அக்கா — புதன், இரவு 8.41

குதித்து இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இடது மின்தூக்கி மேலே போகும், வலது கீழே வரும். இடதில் ஏறி, பக்கத்துத் தட்டு கால்மட்டத்துக்கு வரும் வரை அசையாமல் நிற்கட்டும். சரியாகச் சமமாக வந்ததும் நடந்து இறங்கட்டும். கொஞ்சம் பிந்தினாலும் பள்ளம் அவன் உயரத்தைவிடக் கூடிவிடும். மேல் மட்டத்தில் துள்ளி வருகிற ஸ்பிரிங்கைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். இன்று அவன் மேலே போய் அது எங்கெங்கே நிலத்தைத் தொடுகிறது என்று மட்டும் எண்ணிப் பார்த்து வைக்கட்டும்.


வெள்ளவத்தையான் — புதன், இரவு 8.52

ஸ்டொப்வாட்ச் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.